நைனா செய்ய மறுத்த சத்தியம்

பொன்னேரி நீதிமன்றத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில்தான் நான் வக்கீல் தொழில் கற்றுக்கொண்டேன். சேரும்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. மீஞ்சூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடம் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுச் சட்டம் படித்தவள். என் வயதுக்காரர்கள் தங்களுக்கு ஜூனியர் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஜூனியராகப் போய் நின்றேன்.

என் சீனியர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பழவேற்காடு ஏரியிலிருந்து உள்ளே தள்ளி, நெல் விளைகிற ஊரில் விவசாயக் குடும்பம். காலையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு மேலே வந்ததும் முதல் வேலை, அலமாரிக்கு மேலே இருந்த அம்மன் படத்துக்கு விளக்கேற்றுவது. செவ்வாயும் வெள்ளியும் விரதம். நெற்றியில் குங்குமம் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

முதல் நாளே என்னிடம் கேட்டார். "நீ சாட்சிக் கூண்டுல ஏறினா கடவுள் பேரச் சொல்லுவியா, உளமாரன்னு சொல்லுவியா?"

"உளமாரன்னுதான் மேடம். எனக்குச் சாமி இல்ல."

"எப்ப போச்சு?"

"தெரியல. ஒரு நாள் தேடிப் பாத்தேன், இல்ல."

அவர் சிரித்தார். எதையும் கேட்டு, ஒரு நிமிஷம் மனசில் வைத்திருந்து, பிறகு சிரிக்கிற ஆள் அவர். "சரி, இருக்கட்டும். கட்ட எடு," என்று கேஸ் கட்டுகளைக் காட்டினார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கு ஆரம்பித்தது. அதற்கு எண்ணும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் வாதம் தொடங்கும். நீதிபதி இருக்கையில் வந்து அமரும் நேரம்வரை நடக்கும். சில நாள் சாயங்காலம் நான் பஸ் ஏறும் இடம்வரை அவர் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே வருவார், பேச்சு முடியவில்லை என்பதற்காக.

ஒரு தடவை கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். தான் விரும்பியவனையே கட்டிக்கொள்வேன் என்றாள். பாதுகாப்பு கேட்டு மனு தயாரித்தோம். இரண்டு நாள் கழித்து, மனு வேண்டாம், நான் வீட்டுக்கே போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

"பயமுறுத்தியிருப்பாங்க மேடம். நாம விட்டிருக்கக் கூடாது."

"தனியா உக்கார வெச்சு மூணு தடவ கேட்டேன். போறேன்னா. அவ ஓடி வந்தப்ப மட்டும் அது சுதந்திரம், திரும்பிப் போனா அடிமைத்தனமா? நீ எதிர்பாக்குற முடிவ அவ எடுத்தாத்தான் அவளுக்கு மனசாட்சி இருக்குன்னு ஒத்துக்குவியா?"

"நீங்க சாமி கும்பிடறவங்க. அடங்கிப் போறது உங்களுக்குத் தப்பாத் தெரியாது."

இப்படி நான் அவரிடம் பேசுவேன். வேறு எந்தச் சீனியரும் மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லியிருப்பார். அவர் தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி புளிச்சாதத்தை என் மூடியில் வைத்துவிட்டு, "பேசு, இன்னும் பேசு," என்றார்.

இன்னொரு நாள் நான் எல்லை தாண்டினேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை. தலைவலியோடு உட்கார்ந்திருந்தார், வயிற்றில் ஒன்றும் இல்லை. "உங்க விரதம் பக்தியா மேடம், பயமா?" என்று கேட்டுவிட்டேன். அன்று முழுக்க வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. மறுநாள் விளக்கேற்றிவிட்டுத் திரும்பி, "செவ்வாய்க்கிழமை பயம். எங்க மாமியாருக்காக இருக்கறது. வெள்ளிக்கிழமை பக்தி. ராத்திரி முழுக்க யோசிச்சுப் பாத்தேன்," என்றார்.

அந்த நேர்மைக்குப் பிறகு அவரை விட்டுப் போக எனக்கு மனமே வந்திருக்காது.

என் வீடு ஏரிக்கரையில். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பஸ்ஸில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. என் அப்பா, நைனா, ஏரியில் மீன்பிடித் தொழில் செய்பவர். அம்மா மீன் விற்பவள். எங்கள் ஊரில் யார் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. பாட்டில் பெயர் இருப்பவன்தான் ஊரில் ஆள். பெயர் இல்லாதவனுக்கு ஏரி வெறும் தண்ணீர்.

நான் சேர்ந்து இரண்டாம் வருடம், பழவேற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடந்தது. வக்கீல்கள் சிலர் போனோம். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மீன்வளத்துறை அதிகாரி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். "உங்க ஊர்ல சின்னக் கண்ணி வலை போடுறாங்களாமே?" என்றார். சின்னக் கண்ணி வலையில் குஞ்சு இறால்கூடத் தப்பாது. தடை செய்யப்பட்ட வலை அது. "போடுறாங்க சார், பாதிப் பேருக்கு மேல," என்றேன். புகார் கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கேட்டார், தெரிந்ததைச் சொன்னேன். பிறகு பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினோம்.

வீட்டுக்கு வந்து நைனாவுக்குச் சோறு போடும்போது இதையும் சொன்னேன். அவர் கை ஒரு கணம் தட்டிலேயே நின்றது. பிறகு குழம்பு கேட்டார்.

பத்து நாளில் படகோடு அதிகாரிகள் வந்தார்கள். கரையில் காய்ந்துகொண்டிருந்த வலைகளையும் ஏரியில் கட்டியிருந்த வலைகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவிலேயே ஏழெட்டு வீட்டு வலை போனது. எதிர்வீட்டு அக்கா மண்ணில் உட்கார்ந்து அழுதாள். நான் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பக்கத்தில் போய் உட்காரத் தோன்றியது. உட்காரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. யாரோ உள்ளூர் ஆள்தான் சொல்லியிருக்கிறான், இல்லாவிட்டால் எந்தக் கரையில் எந்த வலை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு ஒருவர் அம்மன் கோயில் வாசலில் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி அணைத்து, "நானும் சொல்லல, என் வூட்டு ஆளுங்களும் சொல்லல" என்று சத்தியம் செய்யவேண்டும். ஒவ்வொருவராகப் போனார்கள். நைனாவின் முறை வந்தபோது அவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் பண்ல," என்றார்.

"இன்னாத்துக்கு பண்ல? நீ சொன்னியா?"

"நான் சொல்லல. ஆனா சத்தியம் பண்ல."

"சொல்லலைன்னா கையில சூடம் ஏத்தறதுக்கு இன்னா?"

"ஆத்தாவுக்கு என்னைத் தெரியும். நான் கூப்ட்டு அது வந்து சாட்சி சொல்லணும்னு இல்ல," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஆடி மாதம் தவறாமல் தீ மிதிப்பவர் நைனா. காலில் கொப்புளம் வந்தால் அந்த வருடம் தன் மனசில் ஏதோ கறை இருந்திருக்கிறது என்று நினைக்கிறவர். அவர் மறுத்தது ஊருக்குப் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது. வீட்டு ஆட்களும் சொல்லவில்லை என்ற அந்த நாலு வார்த்தையை அவரால் சொல்ல முடியாது.

பாடு முறையிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். எங்களோடு யாரும் பேசக்கூடாது, கடையில் எதுவும் கொடுக்கக்கூடாது என்றார்கள். ஷேர் ஆட்டோவில் அம்மாவின் மீன் கூடையை ஏற்ற மறுத்தார்கள். அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பழவேற்காட்டுப் பாலம்வரை நடந்தாள். நைனா காலையில் வழக்கம்போல எழுந்து கரைக்குப் போவார். தண்ணீரில் கால் நனையும் தூரத்தில் நின்று மற்றவர்கள் போவதைப் பார்ப்பார். திரும்பி வருவார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு மூன்று வாரம் இப்படிப் போன பிறகு நான் சீனியரிடம் போய், "வழக்கு போடணும் மேடம். ஊர் விலக்கம் பண்ணியிருக்காங்க. சத்தியம் பண்ணுன்னு ஒரு மனுஷன எப்படிக் கட்டாயப்படுத்தலாம்? மனசாட்சிச் சுதந்திரம்னு அரசியல் சட்டத்துல எழுதி வெச்சிருக்கறது எதுக்கு?" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். டீ குடிக்கும்போது அதிகாரியிடம் பேசியதையும் சொன்னேன், வேகமாக, நடுவில் ஒரு சின்ன விவரம்போல.

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்க நைனா வழக்கு போடச் சொன்னாரா?"

"சொல்லமாட்டாரு."

"அப்ப நீ யாருக்கு வக்கீல்?"

"அவர் மனசாட்சிக்கு."

"அது வக்கீல் வெச்ச மாதிரி எனக்குத் தெரியல. வாயத் திறக்காம தன் கேஸைத் தானே நடத்திக்கிட்டு இருக்கார். சரி, மனு எழுதறோம்னு வெச்சுக்கோ. அதிகாரிகிட்ட நீ பேசினத எழுதுவியா?"

"அது எதுக்கு மேடம்? அதுல சட்டப்படி தப்பே இல்ல."

"தப்புன்னு நான் சொல்லல. எழுதுவியான்னு கேட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. "தடை பண்ணின வலை. உண்மையச் சொன்னேன். சொல்ல எனக்கு உரிமை இருக்கு. நான் நம்பாத சாமி முன்னாடி நான் ஏன் போய் நிக்கணும்? போனா, அந்தக் கோயில் வாசல் கோர்ட்ட நான் ஒத்துக்கிட்டதா ஆகும். அப்பறம் சட்டம் எதுக்கு, நாம ரெண்டு பேரும் எதுக்கு?"

"சாமிய விடு. ஊர் கோர்ட்டையும் விடு. கற்பூரத்த அணைக்கறது உனக்குக் கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். பொய்ச் சத்தியம் பண்ணிட்டு வந்து கைய கழுவிட்டு தூங்கிடுவ. அவருக்கு அது உயிர். நம்பாதவளோட சுதந்திரத்துக்கு விலைய நம்பறவர் குடுத்துக்கிட்டு இருக்கார். இத மட்டும் யோசி."

"அப்ப ஊர் பண்ணது சரியா?"

"இல்ல. தப்பு. நூறு தடவ தப்பு. நாளைக்கே நீ கேட்டா நான் மனு எழுதறேன். முழுசா எழுதுவேன். பாதி உண்மைய வெச்சு மனசாட்சிச் சுதந்திரம் கேட்டு என் கையெழுத்துல மனு போகாது."

மனுவை நானே எழுதினேன். மூன்று நாள் எழுதினேன். என் பேச்சு வரவேண்டிய பத்தியில் ஒவ்வொரு தடவையும் பேனா நின்றது. விட்டுவிட்டு எழுதினால் மனு அழகாக வந்தது. படித்தால் யாரோ ஒரு நல்ல பெண் எழுதியதுபோல இருந்தது. நாலாம் நாள் அதை அவர் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, "தமிழ் நல்லா இருக்கு," என்றார். நான் அழுதேன். அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார், தாள்கள் பறக்காமல் இருக்க என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, கீழே ஜெராக்ஸ் கடைப் பையன்கள் மேலே வராமல் இருக்கக் கதவைத் தாழிடப் போனவர் போகிற வழியில் கை தவறி விசிறியின் சுவிட்சைத் தட்டியிருக்கிறார்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ," என்றார். "நீ ஊர்ல போய்ச் சொல்லணும்னு நான் சொன்னதா வெச்சுக்காத. சொன்னேன்னா அது என் மனசாட்சி. உனக்கு வேணாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். எங்கள் ஊரில் பெண்கள் கூட்டத்தில் ஓரமாக நின்று கேட்கலாம், பேசும் வழக்கம் இல்லை. நான் நடுவில் போய் நின்றேன். ஊர்த் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் எனக்கு மாமா முறை. சின்ன வயதில் அவர் படகில்தான் முதல் தடவை ஏரியின் முகத்துவாரம்வரை போனேன்.

"இன்னாம்மா?"

"நான்தான் மாமா சொன்னேன். ஆபீசர் கேட்டாரு, நம்ம ஊர்ல அந்த வலை போடுறாங்கன்னு சொன்னேன். யார் வூட்டு வலை எங்க இருக்குதுன்னு சொல்லல. ஆனா சொன்னது நான்தான். நைனாவுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

சத்தம் எழுந்தது. எதிர்வீட்டு அக்காவின் புருஷன் எழுந்து வந்தான். "எங்க வூட்டுக் கஞ்சில மண்ணப் போட்டுட்டு வக்கீல் கோட்டு மாட்டிக்கினு போறியா?" என்றான். தலைவர் அவனை உட்காரச் சொன்னார். "தெரிஞ்சே சொன்னியாம்மா?" என்று கேட்டார்.

"அந்த வலை தப்புன்னு தெரியும் மாமா. இப்பவும் அத தப்புன்னுதான் சொல்வேன். ஆனா நீங்க யாரும் தப்பானவங்கன்னு நான் நெனச்சு சொல்லல. நெனக்காமலே சொல்லிட்டேன். அதுக்கு மன்னிச்சுக்கோங்க."

கோயில் முன்னால் விழுந்து கும்பிட்டு, தப்புக்காக அம்மனுக்குப் புடவை சாத்தச் சொன்னார்கள். "அது நான் பண்ணா பொய் மாமா. எனக்கு நம்பிக்கை இல்ல. உங்க எல்லார் கால்லயும் வேணா விழறேன்," என்றேன். அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து நைனாவின் குரல் வந்தது. "கால்ல எல்லாம் வுழ வேணாம்மா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். பல வாரம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். நைனாவின் பெயர் பாட்டில் திரும்பச் சேர்க்கப்படும். அவர் ஏன் சத்தியம் செய்யவில்லை என்பது இப்போது ஊருக்குத் தெரிந்துவிட்டது. தலைவர் அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது. நான் ஊரில் இருக்கக்கூடாது. விசேஷத்துக்கும் வரக்கூடாது. எவ்வளவு காலம் என்று சொல்லவில்லை.

"இத எதிர்த்து மனு போடலாம்," என்று சீனியர் மறுநாள் சொன்னார். "இப்ப முழுசா எழுதலாம். நான் கையெழுத்துப் போடறேன்."

"வேணாம் மேடம்."

"ஏன்?"

"போட்டா ஜெயிப்போம். போலீஸோட ஊருக்குள்ள போவேன். எதிர்வூட்டு அக்கா கதவ மூடுவா. அந்த ஊர் எனக்கு எதுக்கு?"

"உரிமைய விட்டுக் குடுக்கறியா?"

"இல்ல. இப்ப கேக்கல. அந்தக் காலேஜ் பொண்ணு மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்."

அவர் ஒரு நிமிஷம் வைத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. "நான் அன்னைக்குச் சொன்னது சரிதானான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு," என்றார். நான் ஜெயித்த ஒரே வாதம் அதுதான். ஜெயித்ததுபோல இல்லை.

பொன்னேரியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்தேன். சனிக்கிழமைகளில் அம்மா மார்க்கெட்டுக்கு வரும்போது பார்ப்பாள். நைனா ஆரம்பத்தில் வரவில்லை. ஒரு நாள் நண்டு கட்டிய பையோடு கோர்ட் வாசலில் நின்றார். கோட்டு போட்ட ஆட்கள் நடுவே எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றிருந்தார். மாடிக்கு அழைத்துப்போனேன். சீனியர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நைனா அலமாரிக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். இருவரும் மழையைப் பற்றியும் இந்த வருடம் முகத்துவாரம் தூர்ந்ததைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் அந்த அறையில் சாமி இல்லாதவள். அவ்வளவு நிம்மதியாக நான் எங்கும் இருந்ததில்லை.

அந்த வருடக் கடைசியில் சீனியர் மாவட்ட நீதிபதி தேர்வில் தேறினார். எழுதியிருந்ததே எனக்குத் தெரியாது. தெற்கே, ஒரு இரவு ரயில் தூரத்தில் பணி. கட்டுகளை எல்லாம் எனக்கும் இன்னொரு வக்கீலுக்கும் பிரித்துக் கொடுத்தார். கடைசி நாள் மதியம் டப்பாவைத் திறந்தோம். ஏதாவது வாதம் தொடங்குவார் என்று காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார் போலிருக்கிறது.

"இனிமே அடிக்கடி பேச முடியாதும்மா," என்றார். "வக்கீலுங்களோட பழக்கம் வெச்சுக்கக் கூடாது. யாரும் சட்டம் போடல. ஆனா நாற்காலில உக்காந்துட்டா அப்படித்தான் இருக்கணும்னு எனக்குத் தோணுது."

"என் கேஸ் எதுவும் உங்ககிட்ட வராது மேடம். எங்கயோ இருப்பீங்க."

"தெரியும். இருந்தாலும்."

அதை நான் மறுத்துப் பேசியிருக்கலாம். பேசுவதற்கு நிறைய இருந்தது. மனசாட்சி என்று வந்துவிட்டால் அவரை நகர்த்த முடியாது என்பதை என் வீட்டிலேயே ஒருவரிடம் பார்த்துப் பழகியிருந்தேன். டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன். அலமாரி மேலே இருந்த படத்தை அவர் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. நான் இன்னும் வெள்ளையடிக்கவில்லை.

ஊர் என்னை மூன்றாம் வருடம் உள்ளே விட்டது. எதிர்வீட்டு அக்காவின் மகள் கல்யாணத்துக்கு அவளே வந்து பத்திரிகை வைத்தாள். ஏன், எப்படி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது மாதம் ஒரு தடவை போகிறேன். நைனாவின் முறை வரும் நாளாகப் பார்த்துப் போவேன். கரையில் நின்று அவர் படகைத் தள்ளும்வரை பார்த்துவிட்டு, அம்மாவோடு வருவேன். ஏரி என்னிடம் திரும்ப வந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

சீனியர் வரவில்லை. பொங்கலுக்கு ஒரு வரி வாழ்த்து அனுப்புவார். நானும் ஒரு வரி அனுப்புவேன். நல்ல கேள்வி ஒன்று மாட்டும் நாட்களில்தான் கஷ்டம். மதியம் சாப்பிடும்போது அவர் என்ன சொல்வார் என்று யோசிப்பேன். அவருடைய பதிலை நானே சொல்லிப் பார்ப்பேன். என் வாயில் அது வேறுமாதிரி வரும். அவர் இருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

போன ஜூன் மாதம் ஒரு கட்சிக்காரரின் நில ஆவணம் தேடி அவர் இருக்கும் ஊர்ப் பக்கம் போனேன். வேலை முற்பகலிலேயே முடிந்துவிட்டது. அவருடைய நீதிமன்றம் எங்கே என்று கேட்டு, கோட்டு போடாமல், பார்வையாளர் பெஞ்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாகப்பிரிவினை வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. சீனியருக்கு முடி நரைத்திருந்தது. கண்ணாடி புதிது. ஒரு வக்கீல் குரலை உயர்த்தியபோது கையை லேசாகக் காட்டினார், அவர் தணிந்தார். நின்றுகொண்டிருந்த ஒரு வயதான அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். நீதிமன்ற ஊழியர் நாற்காலியைத் தேடி என் வரிசைக்கு வந்தபோது, சீனியரின் பார்வையும் கூட வந்தது.

என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் வைத்திருந்தார். பிறகு தலையைத் தாழ்த்திக் குறிப்பெழுதத் தொடங்கினார். உதட்டோரம் லேசாக அசைந்ததுபோலத் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது.

உணவு இடைவேளைக்கு அவர் எழுந்தார், எல்லோரும் எழுந்தோம். பின்பக்கக் கதவு வழியாகப் போனார். ஊழியரிடம் என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். கூப்பிட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவரை அந்த நிலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெளியே வந்து, நீதிமன்ற வாசலில் ஒரு கடையில் புளிச்சாதம் வாங்கி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அரை மணி நேரம் கழித்து ரயில் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.